தங்கையின் நோய்ப் படுக்கையில் பிறந்த ஆஸ்பத்திரி
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லாதவர் இருக்க மாட்டார். புக்கிட் ரோத்தானாக இருக்கட்டும், ஈஜோக்காக இருக்கட்டும், 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையாக இருக்கட்டும், வடக்கே சபாக் பெர்ணமாகத்தான் இருக்கட்டும், கதை ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்த அம்மாவையோ அப்பாவையோ வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டதாகப் பேச்சு அடிபடும். முதல் வாரம் சொந்தபந்தமெல்லாம் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து போவார்கள். இரண்டாம் வாரம் கூட்டம் குறையும். மூன்றாம் வாரம் நோயாளியும் மருமகளும்தான் மிச்சம். ராத்திரியில் நோயாளி முனகுகிற சத்தம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கும் கேட்கும். விடிந்தால் பிரட்டுக்குப் போக வேண்டும். வேலைக்குப் போவதா, நோயாளியைப் பார்ப்பதா?

பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்ட ஒருவருக்கு மருந்து எதற்கு, தாதி எதற்கு, ஆஸ்பத்திரிதான் எதற்கு என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். நாம் கல்நெஞ்சக்காரர்கள் என்பதால் அல்ல. வேறு வழி தெரியாததால்தான் அப்படி நினைக்கிறோம். இதே கேள்வியைப் படித்தவர்களும், அதிகாரத்தில் இருந்தவர்களுமே ஒரு காலத்தில் சென்னையில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், தம் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்த ஒரு தமிழ்ப் பெண்மணியைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் எழுதுகிறோம். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

புதுக்கோட்டையில் பிறந்த பெண்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலில் ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தையாரை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். தாயாரின் குலத்தையோ ஊர் மதிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பெண் வளர்ந்தாள். ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவர் அவர்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடத்தை மறந்துவிட வேண்டியதுதான். முத்துலட்சுமி விடவில்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிக்குலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. ஆனால் புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண் பிள்ளைகள் படிக்கிற கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அப்போது ராஜாவாக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்தான், யார் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பெண் படிக்கட்டும் என்று அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் சும்மா விடவில்லை. அறுவை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் பெண்களைத் தம் வகுப்பில் உட்காரவே விடாதவராம். இந்தப் பெண் அந்தப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது என்று சொல்வார்கள். 1912-ல் பரிசுகளும் பதக்கங்களுமாகப் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். மனைவியைச் சரிசமமாக நடத்த வேண்டும், அவர் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு நடந்த திருமணம் அது. இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். வைத்தியத் தொழிலும் நன்றாக நடந்தது. இத்தோடு கதை முடிந்திருந்தால் அவர் ஒரு கைராசிக்கார டாக்டரம்மா என்று பெயர் எடுத்து, நாளடைவில் மறந்துபோயிருப்பார்.

தங்கை சுந்தராம்பாள்

அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு நோய். அது அவருக்கு வந்த நோயல்ல. தங்கை சுந்தராம்பாளுக்கு வந்தது.

முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்துத்தான் வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இந்த இடத்தில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அக்காள் டாக்டர். அக்காள் புருஷனும் டாக்டர். சென்னைப் பட்டணத்தில் பேர்போன வைத்தியர்களையெல்லாம் தெரிந்த குடும்பம். காசு இல்லை, விவரம் தெரியாது, கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்று நாம் சொல்கிற காரணங்களில் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அப்படியிருந்தும் அந்த உயிரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. 1923-ல் சுந்தராம்பாள் காலமானார்.

இந்த நோய் முற்றினால் எப்படியிருக்கும் என்று வீட்டில் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உடம்பு கரைந்துகொண்டே போகும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வலி வந்தால் உலகமே இருண்டுபோகும். சாகப் போகிறோம் என்ற பயம் ஒரு பக்கம், பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். இதையெல்லாம் ஒரு டாக்டர் தம் சொந்தத் தங்கையிடம் பார்த்தார். தாம் படித்த படிப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதையும் அந்தப் படுக்கையின் பக்கத்திலிருந்துதான் பார்த்தார்.

அழுது ஓய்ந்த பிறகு பலர் இதை விதி என்று சொல்லி ஆறுதல் அடைவார்கள். அம்மையாருக்கு அந்த ஆறுதல் போதவில்லை. அவர் மனதில் இரண்டு விஷயங்கள் நின்றன. ஒன்று, நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்திருக்க வேண்டும். இரண்டு, இந்த நோயாளிகளுக்கென்று ஓர் இடம் வேண்டும். அவர்களை வேண்டாத சுமையாகப் பார்க்காமல், அவர்களுக்காகவே இருக்கிற டாக்டரும் தாதியும் உள்ள இடமாக அது இருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தைக் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். அது நிறைவேற 31 ஆண்டுகள் ஆயின.

நடுவில் போன முப்பது வருஷம்

1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்கத்தான் போனார் என்றாலும், அங்கே புற்றுநோய்க்கென்றே நடந்த ஆஸ்பத்திரியையும் பார்த்தார். செய்ய முடியும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார்.

திரும்பியதும் வேறு பொறுப்புகள் காத்திருந்தன. 1926-ன் கடைசியில் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபையில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். 1927-ல் சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று அங்கே போராடினார். தாயாரின் குலத்துப் பெண்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா! பெரிய மனிதர்களெல்லாம் எதிர்த்தார்கள். 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். ஆனால் அந்தச் சட்டத்தை விடவில்லை. அது முழுமையாக நிறைவேறியது 1947-ல்தான்.

பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு இடம் கொடுக்க எந்த விடுதியும் முன்வரவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் பிறகு ஔவை இல்லம் என்று வளர்ந்தது. ஆதரவில்லாத எத்தனையோ பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். தாதிகளாகவும் ஆசிரியைகளாகவும் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதே அம்மையாரின் ஆசை.

இவ்வளவுக்கும் நடுவில் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. அந்த மேடையில் புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார். கை தட்டினார்கள். காரியம் நடக்கவில்லை. மேலும் பதினான்கு ஆண்டுகள் ஓடின. அம்மையாருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். கையேந்தத் தயங்கவில்லை. சட்டசபைத் துணைத் தலைவராக இருந்த ஒருவர், முன்பின் தெரியாத நோயாளிகளுக்காக வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் பணம் கேட்டார்.

சாகப் போகிறவர்களுக்கு எதற்கு?

அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. புற்றுநோய் வந்தால் எப்படியும் செத்துத்தானே போகிறார்கள், அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டிப் பணத்தை வீணாக்குவானேன் என்று பொறுப்பில் இருந்தவர்கள் சிலரே கேட்டார்கள். வெளியே பார்த்தால் அது நியாயம் போலத்தான் தெரியும். காலராவும் காசநோயும் ஆயிரக்கணக்கில் உயிரைக் குடித்துக்கொண்டிருந்த காலம். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தைப் பிழைக்கிறவனுக்குச் செலவழிக்கலாமே என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் இருப்பதை அம்மையார் கண்டிருந்தார். முதலாவது, இந்த நோய் வந்த எல்லாரும் சாவதில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்தால் பலரைக் காப்பாற்றலாம். இரண்டாவது, ஒருவர் பிழைக்க மாட்டார் என்பதாலேயே அவர் வலியில் துடிக்கட்டும் என்று விட்டுவிட நமக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. தங்கையின் பக்கத்தில் இருந்தவருக்கு இதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1952-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. பெரிய மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். 12 படுக்கைகள் மட்டுமே உள்ள எளிமையான கட்டடம். கருவிகளும் சொற்பம். அம்மையாரின் இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தா என்ற இளம் பெண்ணும்தான் அங்கே டாக்டர்கள். டாக்டர் சாந்தா அரசாங்க வேலையை விட்டுவிட்டு வந்தவர். 1955-ல் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியேறினார். 2021-ல் தம் 93-ஆம் வயதில் காலமாகும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. 1957-ல் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ வைத்தியம் என்பது தொடக்கத்திலிருந்தே அந்த இடத்தின் கொள்கை. அன்று 12 படுக்கையோடு தொடங்கியது, இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடி வருகிற பெரிய நிலையமாக நிற்கிறது.

1956-ல் இந்திய அரசாங்கம் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், தம் 82-ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, அம்மையார் கண்ணை மூடினார்.

தாதியின் வேலை என்ன?

அம்மையாரின் வரலாற்றைச் சொல்லும்போது டாக்டர்களின் பெயர்தான் வெளியே தெரிகிறது. ஆனால் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் உண்மையில் தாதிகள்தான். டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் தாதி. புண்ணைக் கழுவிக் கட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வாய் துடைப்பது, வலி கூடியதா குறைந்ததா என்று கேட்டு டாக்டருக்குச் சொல்வது, ராத்திரி இரண்டு மணிக்குப் பயந்து விழித்துக்கொண்டவரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது எல்லாம் அவர்கள் வேலை. பெற்ற பிள்ளையே முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாற்றத்தைத் தாதி முகம் சுளிக்காமல் துடைக்கிறாள். நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் டிரெசரும் மிஸ்ஸியும் இருந்தார்கள். பிள்ளைப்பேறு பார்த்த அதே மிஸ்ஸி, கிழவர் கடைசி மூச்சு விடும்போதும் பக்கத்தில் நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இந்த நோயாளிகளைப் பார்க்கிற முறையை உலகத்துக்கே மாற்றிக் காட்டியவரும் முதலில் ஒரு தாதியாக இருந்தவர்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரைத்தான் சொல்கிறோம். சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்கென்று லண்டனில் நடந்த ஓர் இல்லத்தில் அவர் தொண்டு செய்தார். அங்கே இருந்த தாதிகள், நோயாளி வலியில் கத்தும்வரை காத்திருக்காமல், மணி பார்த்து வலி மருந்தைக் கொடுத்துவந்தார்கள். வலி வருவதற்கு முன்பே மருந்து உள்ளே போய்விடுவதால் நோயாளி அமைதியாக இருந்தார். தாதிகளிடம் கற்ற இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு, தாமும் டாக்டருக்குப் படித்து, 1967-ல் அப்படிப்பட்டவர்களுக்கென்றே லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண கிளினிக், பிறகு ஊர் மக்களே சேர்ந்து நடத்துகிற இயக்கமாக வளர்ந்தது. அண்டை வீட்டுக்காரர்கள் முறைபோட்டு நோயாளியைப் பார்க்கிறார்கள். தாதிகள் வீடு வீடாகப் போகிறார்கள்.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இது இல்லாமல் இல்லை. 1991-ல் கோலாலம்பூரில் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள நோயாளிகளின் வீட்டுக்கே தாதிகளை அனுப்புகிறது. அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. செலாயாங் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனிப்பிரிவே உண்டு. 2019-ல் அரசாங்கம் இதற்காகத் தேசியக் கொள்கை ஒன்றையும் வகுத்தது. ஆனால் வடசிலாங்கூர்த் தோட்டங்கள் தூரம். பட்டணத்தில் கிடைப்பதெல்லாம் செம்பனைக்கு நடுவில் இருக்கிற வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. அதனால் நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டும்போது வெறும் கையோடு திரும்பாதீர்கள். ராவாத்தான் பாலியாத்திஃப் உண்டா என்று கேளுங்கள். குணப்படுத்த முடியாத நோயில் வலியையும் மூச்சுத் திணறலையும் குறைக்கிற வைத்தியத்துக்கு அதுதான் பெயர். தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியிலோ பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலோ கேட்டால், யாரிடம் அனுப்ப முடியும் என்று சொல்வார்கள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற தாதிகள் பல கிளினிக்குகளில் உண்டு. சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளிக்குக் குணமாகாத நோய் வந்து வேலை செய்ய முடியாமல் போனால், செயலிழப்புப் பென்ஷனுக்கு மனுச் செய்ய வழி இருக்கிறது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பதற்கு முன்பே, சங்கத்துக்காரரிடமோ சொக்சோ அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்வது நல்லது.

மோர்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் பயந்துவிடுகிறார்கள். அது போதை, அதைக் குடித்தால் சீக்கிரம் உயிர் போய்விடும் என்று மருந்தை அலமாரியில் ஒளித்து வைத்துவிடுகிறார்கள். நோயாளி அங்கே துடித்துக்கொண்டிருப்பார். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது உயிரை எடுக்காது, வலியைத்தான் எடுக்கும். அந்த மருந்தால் மலச்சிக்கல் வரும். அதற்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அளவு போதவில்லை என்றால் நாமாகக் கூட்டக் கூடாது. டாக்டரிடமோ தாதியிடமோ சொல்ல வேண்டும்.

தாதி வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற ஆறு நாளும் வீட்டில் இருக்கிற பெண்தான் தாதி. அதனால் தாதி வரும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வருவது குறையும். இடுப்பு, முதுகின் அடி, குதிகால் இந்த மூன்று இடத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஈரத் துணியால் வாயைத் துடைத்து உதட்டை நனைத்து வையுங்கள். மூச்சு வாங்கினால் தலையை உயர்த்தி வைத்து, முகத்துக்கு நேராக விசிறுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் கஞ்சியைத் திணிக்காதீர்கள், புரை ஏறிவிடும். சாப்பிடாமல் கிடக்கிறாரே என்று நம் மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் அந்த நிலையில் உடம்பு சோறு கேட்பதில்லை. புண் நாறினால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். அதைக் குறைக்க மருந்து இருக்கிறது. பேச்சு நின்றுபோன பிறகும் காது கேட்கலாம். ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொத்து, சண்டை, சவப்பெட்டி விலை இதெல்லாம் பேசாதீர்கள். பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பழைய கதையைப் பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாரம் முழுவதையும் மருமகள் தலையிலோ கலியாணமாகாத மகள் தலையிலோ கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நம் வீடுகளில் நடக்கிற அநியாயம். முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் ஒரு ராத்திரி முழித்திருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் மைலோ டின் கொண்டுவருவதைவிட, இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தூங்கவிட்டால் அதுதான் பெரிய உதவி.

அம்மையாரின் பாடம்

முத்துலட்சுமி அம்மையார் முக்கியமாகப் பாடுபட்டது நோயைக் குணப்படுத்துவதற்குத்தான். அந்தப் பாடத்தை நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மலத்தில் ரத்தம் போனால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால், தீட்டு நின்ற பிறகும் ரத்தம் பட்டால், வாயில் ஆறாத புண் இருந்தால், மூலம் என்றும் சூடு என்றும் நாமே பெயர் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிட வேண்டும். டாக்டர்கள் நிறைந்த வீட்டிலேயே சீதபேதி என்று ஏமாந்துபோனார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்!

அப்படியும் முடியாமல் போகிற நேரம் வரும். எல்லாருக்கும் ஒரு நாள் வரும். அப்போது பிழைக்க மாட்டாரே, இனி என்ன என்று கட்டிலை விட்டு விலகிப் போய்விடலாம். முத்துலட்சுமி அம்மையாரும் 1923-ல் அப்படி விலகிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. ஒரு தங்கையின் பக்கத்தில் இருந்த அந்த நாட்களை மறக்காததால்தான் 31 ஆண்டுகளுக்குப் பிறகு 12 படுக்கைகள் வந்தன. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் நம் லயத்தில் ஒரு வீட்டில் இன்றைக்கு ஒருவர் முனகிக்கொண்டிருந்தால், வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார நம்மால் முடியும். அதையாவது செய்வோம்.